ஐ.இ.பி. தாளில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பாடத்தை வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்டால் டக்கென்று பதில் சொல்கிறான். அவனையே வாசிக்கச் சொன்னால் ஒரு பத்தியைத் தாண்டுவதில்லை. பரிசோதித்த உளவியலாளர், வாசிப்பில் கற்றல் குறைபாடு என்று எழுதித் தந்திருக்கிறார். சிறப்புக் கல்வி தருகிறோம் என்று பள்ளியில் ஐ.இ.பி. (தனிநபர் கல்வித் திட்டம்) தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள். "பையன்மேல் முத்திரை குத்திவிடுவார்கள், போடாதே" என்கிறார் கணவர். என்ன செய்வது?

பதில்: சிறப்புக் கல்வி என்றதும் தனிப் பள்ளி, தனி வகுப்பு என்றுதான் பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் அது பல உதவிகளுக்குப் பொதுவான பெயர். சிறப்பாசிரியர் வகுப்புக்குள்ளேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரலாம்; தினம் கொஞ்ச நேரம் ரிசோர்ஸ் ரூமுக்கு (சிறப்பாசிரியர் தனியாகச் சொல்லித் தரும் அறை) அழைத்துப் போகலாம்; தேவைப்பட்டால் ஸ்பீச் தெரபி (பேச்சுப் பயிற்சி), ஆக்குபேஷனல் தெரபியும் (எழுதுவது போன்ற அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி) சேரும். முழு நேரத் தனி வகுப்பு தேவைப்படும் குழந்தைகளும் உண்டு. வாசிப்பில் மட்டும் தடுமாறும் குழந்தைக்குப் பெரும்பாலும் முதல் இரண்டே போதும்.

ஐ.இ.பி. என்பது தனிநபர் கல்வித் திட்டம்: ஒரு குழந்தைக்கு என்ன இலக்கு, என்ன உதவி என்று எழுதி வைக்கும் தாள். 1975இல் அமெரிக்காவில் வந்த ஒரு சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. இன்று பல நாடுகளில் வெவ்வேறு பெயர்களில் இருக்கிறது. ஐ.நா. 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவும், பொதுக் கல்விக்குள்ளேயே ஒவ்வொருவருக்கும் ஏற்ற உதவி கிடைக்க வேண்டும் என்கிறது. சட்டத்தின் பிடி நாட்டுக்கு நாடு கூடும், குறையும். தாளில் எதைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் எங்கேயும் ஒன்றுதான்.

நேராக இலக்குகள் இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். அங்கே "வாசிப்புத் திறன் மேம்படும்" என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். இதை நிறைவேற்றினார்களா இல்லையா என்று ஆண்டு முடிவில் யாராலும் சொல்ல முடியாது. இப்படி இருந்தால் நல்லது: "தற்போதைய நிலை: இரண்டாம் வகுப்புப் பத்தியை நிமிடத்துக்கு 16 சொல் வீதம் வாசிக்கிறான், நீளமான சொற்களில் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறான். இலக்கு: ஆண்டு முடிவுக்குள், முன்பு பார்க்காத அதே நிலைப் பத்தியை நிமிடத்துக்கு 40 சொல் வீதம், மூன்று பிழைக்கு மேல் இல்லாமல் வாசிப்பான்." எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் மகனுக்கு உரியதை அவனைச் சோதித்தவர்கள்தான் வைக்க வேண்டும். ஆனால் எண் இருந்தாக வேண்டும். 'ஊகிக்கிறான்' என்ற குறிப்பும் முக்கியம். சிறப்பாசிரியர் எந்த இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதை அதுதான் காட்டிக் கொடுக்கிறது.

அடுத்தது சேவைகள். யார், வாரத்துக்கு எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம், எத்தனை குழந்தைகளோடு, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதியிருக்க வேண்டும். "தேவைப்படும்போது" என்ற சொல்லைப் பார்த்தால் உஷாராகுங்கள். ஆசிரியர் விடுப்பில் போனாலோ தேர்வு நெருங்கினாலோ முதலில் காணாமல் போவது அந்த 'தேவை'தான்.

அப்புறம், பெரும்பாலான பெற்றோர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று: அவனை எந்தப் பீரியடிலிருந்து அழைத்துப் போவார்கள்? விளையாட்டு, ஓவியப் பீரியடைத்தான் பள்ளிகள் சட்டென்று கைகாட்டும். நாள் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு, தானும் கெட்டிக்காரன்தான் என்று தெரியும் இடம் பல சமயம் அது ஒன்றாகத்தான் இருக்கும். அதைப் பிடுங்கினால் ரிசோர்ஸ் ரூமையே வெறுக்க ஆரம்பித்துவிடுவான். வேறு நேரம் கேளுங்கள்.

வகுப்பிலும் தேர்விலும் தரும் சலுகைகளில் இரண்டு வகை உண்டு. கூடுதல் நேரம், கேள்வித்தாளை வாசித்துக் காட்டுதல், சொல்வதை எழுத ஓர் ஆள் ஆகியவை ஒரு வகை. இவற்றில் பாடம் குறைவதில்லை. வார்த்தைக் கணக்கை வாசித்துக் காட்டினால் அவன் கணக்கைத்தான் போடுகிறான். அங்கே சோதிப்பது கணக்கை, வாசிப்பை அல்ல. (வாசிப்புத் தேர்விலேயே வாசித்துக் காட்டினால் தேர்வுக்கே அர்த்தமில்லை என்பது வேறு விஷயம்.) இன்னொரு வகை பாடத்தையே குறைப்பது: பாதிப் பாடம் போதும், இந்த மொழி வேண்டாம், கீழ் வகுப்புப் புத்தகம் போதும் என்பது. சில குழந்தைகளுக்கு அதுவே சரி. ஆனால் கேள்விக்கு டக்கென்று பதில் சொல்லும் பையனுக்கு அறிவியலையும் சமூகவியலையும் குறைக்க ஒரு காரணமும் இல்லை. இன்று குறைத்தது பின்னால் பொதுத்தேர்வு, சான்றிதழ் என்று வரும்போது கதவை அடைக்கவும் கூடும். ஆகவே இரண்டாம் வகையில் ஏதாவது இருந்தால், ஏன் என்று கேட்டு, அதன் விளைவையும் எழுத்தில் வாங்குங்கள்.

ரிப்போர்ட் கார்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். வாரம் ஒரு முறை, ஒரு நிமிடம் வாசிக்க வைத்து, சரியாக வாசித்த சொற்களை எண்ணி வரைபடத்தில் புள்ளி வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வி ஆய்வாளர் ஸ்டான்லி டீனோவும் உடனிருந்தவர்களும் உருவாக்கியது. இன்றைய நிலையிலிருந்து இலக்குவரை ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். தொடர்ந்து நான்கு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால், சொல்லித்தரும் முறையை மாற்ற வேண்டும் என்பது அதில் வழக்கமான விதி. கவனியுங்கள், மாற வேண்டியது முறைதான். "பையன் முயற்சி செய்யவில்லை" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அந்த வரைபடத்தின் நகலை மாதம் ஒரு முறை கேளுங்கள். தர மறுக்க நியாயமான காரணம் எதுவும் இருக்க முடியாது.

இனி உங்கள் கணவரின் கவலை. அது வெறும் பிடிவாதம் இல்லை. பெயர் வைத்துவிட்டு எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருப்பார்கள், 'சோம்பேறி' என்றோ 'கவனமே இல்லை' என்றோ. அதோடு ஒப்பிட்டால், கூடுதல் நேரத்தையும் பயிற்சி பெற்ற ஆசிரியரையும் கொண்டுவரும் பெயர் எவ்வளவோ மேல். உளவியலாளரின் அறிக்கையை யார் யார் பார்ப்பார்கள், எங்கே வைப்பார்கள் என்று அவரையே பள்ளியில் கேட்கச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு அவரும் வரட்டும்.

கையெழுத்தை அன்றே போட வேண்டும் என்று இல்லை. தாளை வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள். மாற்ற வேண்டியதைப் பென்சிலால் குறித்து, தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு அடுத்த ஆண்டு ஆசிரியர் மாறினால் நிற்காது. எதை ஒப்புக்கொள்கிறீர்கள், எதை ஒப்புக்கொள்ளவில்லை என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். ஒன்றிரண்டு வரியில் தகராறு இருப்பதற்காக, ஒத்துப்போன உதவிகள் தள்ளிப்போக வேண்டாம். அவற்றை உடனே தொடங்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் மறுபரிசீலனைக் கூட்டம் வேண்டும் என்று கேட்டு, அதன் தேதியையும் அதே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்.