மலிவு விலைக் கீ – கடிதம்

அன்புள்ள ஐயா,

வீட்டுப் பின்கட்டில் நீங்கள் கிட்டார் செய்த கதையை எழுதியிருந்தீர்கள். படித்தபிறகு நானும் இறங்கிவிட்டேன். என் தாத்தா செந்தூல் ரயில் பட்டறையில் பிட்டராக இருந்தவர். அவர் விட்டுப்போன அரமும் உளியும்தான் என் கருவிகள். பழைய ஞாத்தோ மரக் கட்டிலின் சட்டத்தில் கழுத்தைச் செதுக்கி முடித்துவிட்டேன். உடல் பிளைவுட். இரும்புத் தந்தி ஆறு.

இப்போது தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனிங் கீயில் வந்து நிற்கிறேன். ஆன்லைனில் ஆறு கீ கொண்ட செட் 28 வெள்ளிக்கும் இருக்கிறது, 260 வெள்ளிக்கும் இருக்கிறது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. மலிவு கீ போட்டால் சுருதி நிற்காது, உழைப்பெல்லாம் வீண் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். கையில் மிச்சம் இருப்பது நூறு வெள்ளி. கழுத்தின் நுனியில் கீ உட்காரும் தலையில் இன்னும் துளை போடவில்லை. எதை வாங்கட்டும்? வாரச் சந்தையில் உடைந்த கிட்டார் ஒன்றைப் பார்த்தேன், அதிலிருந்து கழற்றிப் போடலாமா?

ம., செந்தூல்

அன்புள்ள ம.,

துளை போடவில்லை என்ற வரியைப் படித்ததும் எனக்கு நிம்மதி. கீ உங்கள் கைக்கு வரும்வரை டிரில்லைத் தொடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பயத்தைப் பார்ப்போம்.

என் முதல் கிட்டாருக்கு நானும் 30 வெள்ளி செட்தான் போட்டேன். அந்த வருடம் தைப்பூசத்தில், தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் எங்கள் தெருக்காரர்கள் போட்டிருந்த பந்தலில் பஜனைக்கு அதை எடுத்துப் போனேன். மூன்றாவது தந்தி இரண்டு பாட்டுக்கு ஒருமுறை இறங்கிக்கொண்டே இருந்தது. பாடுகிறவர்கள் எனக்காகக் காத்து நின்றார்கள். வீட்டுக்கு வந்ததும் கீயின்மேல்தான் பழி. அடுத்த மாதமே 240 வெள்ளி கொடுத்து ஜப்பான் செட் ஒன்றை வாங்கி மாட்டினேன். மூன்றாவது தந்தி முன்போலவே இறங்கியது.

கல்யாண வீடுகளில் முப்பது வருடம் வாசித்த ஒரு பெரியவர் பட்டர்வொர்த்தில் இருந்தார். அவரிடம் கொண்டுபோனேன். அவர் கீயைப் பார்க்கவே இல்லை. "மெதுவா திருகு" என்றார். தலைப்பக்கம் காதை வைத்துக் கேட்டார். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் 'டிக்' என்று ஒரு சின்ன ஓசை. "கீ இல்ல தம்பி, நட்டு கடிக்குது" என்றார்.

நட் என்றால் கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில் தந்திகள் ஏறிப்போகிற கட்டை. அதில் மூன்றாவது தந்தியின் வெட்டு ஒரு மயிரிழை ஒடுக்கமாக இருந்திருக்கிறது. திருகும்போது தந்தி அங்கே சிக்கி நிற்கும், பிறகு சட்டென்று நழுவும். வாசிக்கும்போது சிக்கியிருந்த இழுப்பு விடுபட்டுச் சுருதி மாறும். பழைய தந்தித் துண்டில் நைஸான உப்புத்தாளைச் சுற்றி, வெட்டைத் தலைப்பக்கம் சற்றுச் சரிவாகத் தேய்த்தார். ஆழமாக்கவில்லை, பக்கவாட்டில் மட்டும் இளக்கினார். பென்சில் கரியைத் தூவினார். பத்து நிமிட வேலை. பிறகு நான் பழைய 30 வெள்ளி செட்டையே திரும்ப மாட்டினேன். இன்றுவரை அதே கீதான்.

உங்கள் தாத்தா இருந்திருந்தால் இதன் காரணத்தை ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார்: வோர்ம் கியர். விரலால் திருகும் காதோடு சேர்ந்திருப்பது திருகுசுருள், தந்தி சுற்றும் தண்டோடு சேர்ந்திருப்பது பல்சக்கரம். சுருள் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் சுருளைச் சுற்றாது. 12 செட் என்கிற மெல்லிய இரும்புத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுக்கும். அந்த இழுப்பிலும் கீ தானாகப் பின்னோக்கித் திரும்புவதில்லை. வீணையின் பிருடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பல்லும் இல்லை, சுருளும் இல்லை. மரத்துளைக்குள் மரம், வெறும் உராய்வுதான் தந்தியைப் பிடித்துவைத்திருக்கிறது. அக்கா வீணை கற்ற நாட்களில் மழைக்காலம் வந்தால் பிருடை உப்பி இறுகிவிடும். சாக்குக்கட்டித் தூளைத் தடவித் தடவி ஒருவழியாகச் சுருதி சேர்ப்பார். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு 28 வெள்ளிக் கீ இன்றும் ஓர் அதிசயம்.

மலிவு கீயில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். அதன் குறை தளர்ச்சி. காதைத் திருப்பினால் கால் சுற்றுவரை தண்டு அசையாமல் இருக்கும், பிறகுதான் பிடிக்கும். இதனால் சுருதி சேர்ப்பது எரிச்சலாகும். சேர்த்த சுருதி இறங்காது. அதற்குக் கைப்பழக்கம் ஒன்று போதும்: எப்போதும் ஸ்வரத்துக்குக் கீழே இறக்கிவிட்டு மேலே ஏற்றி வந்து நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் பல்லிடுக்கில் தளர்ச்சி தங்கி, நாலு அடி அடித்ததும் தந்தி தொய்யும். செட் வந்ததும் ஆறு தண்டுகளையும் விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடுகிற தண்டு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

14:1, 18:1 என்று போட்டிருப்பார்கள். தண்டு ஒரு சுற்றுச் சுற்றக் காதை 14 சுற்றோ 18 சுற்றோ திருக வேண்டும் என்று பொருள். 6 மி.மீ. தண்டின் சுற்றளவு ஏறக்குறைய 19 மி.மீ. ஆக 14:1 கீயில் காதின் ஒரு சுற்றுக்குத் தந்தி 1.3 மி.மீ. சொச்சம் நகரும், 18:1 கீயில் ஒரு மி.மீ.தான். பின்னது நுணுக்கமாகத் திருக உதவும். ஆனால் அதற்காக இருநூறு வெள்ளி தேவையில்லை.

'குரோவர் ஸ்டைல்', 'க்ளூசன் ஸ்டைல்' என்று விளம்பரத்தில் இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அது வடிவத்தின் பெயர், செய்தவர் பெயர் இல்லை. முதலாவது பல்சக்கரத்தை உலோகக் கூட்டுக்குள் கிரீஸோடு மூடியது. நம் ஊர் ஈரக்காற்றுக்கு அதுதான் ஏற்றது. கடலுக்கு அரை மைல் தள்ளி இருக்கும் என் வீட்டில் திறந்த பல்சக்கரம் ஒரே வருடத்தில் துருப்பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

இப்போது துளைக்கு வருகிறேன். மூடிய வகைக்குப் பெரும்பாலும் 10 மி.மீ. துளை வேண்டும். பழைய க்ளூசன் வகைக்கு 9 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. தலையின் கனமும் முக்கியம். சாதாரணமாக 14, 15 மி.மீ. இருக்கும். உங்கள் கட்டில் சட்டம் அதைவிடத் தடியாக இருந்தால் முன்பக்கத்து மரை தண்டில் ஏறாது. முழு மரத்தையும் சீவ வேண்டிவரும். கீ கையில் இருந்தால் வெர்னியரில் அளந்துவிட்டு வேலை தொடங்கலாம். வேண்டாத துண்டில் ஒரு துளை போட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் போடுங்கள். பின்னால் போகும் குட்டி ஸ்க்ரூவுக்கு முதலில் 1.5 மி.மீ. துளை போட்டு, ஸ்க்ரூவில் மெழுகு தடவி இறக்குங்கள். மலிவு செட்டில் உண்மையிலேயே மட்டமானது அந்த ஸ்க்ரூதான். கடின மரத்தில் நேராக இறக்கினால் தலை முறிந்து உள்ளேயே தங்கிவிடும்.

வாங்கும்போது இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று என்ற செட்டா, ஆறும் ஒரே பக்கமா என்று பாருங்கள். தவறிப்போனால் பாதிக் கீகள் எதிர்த்திசையில் திரும்பும்.

சந்தைக் கிட்டாரையும் விட்டுவிடாதீர்கள். ஜார்ஜ் டவுன் லோரோங் கூலிட் சந்தையில் 15 வெள்ளிக்கு உடைந்த கிட்டார் வாங்கி, அதன் கீகளை வேறொன்றில் போட்டிருக்கிறேன். வாஷர், மரை, ஸ்க்ரூ அத்தனையும் இருக்கிறதா என்று எண்ணிப்பார்த்து வாங்குங்கள். ஆனால் நைலான் தந்திக் கிட்டார் என்றால் வேண்டாம். ஒரே தகட்டில் மூன்று கீ, வெள்ளை பிளாஸ்டிக் உருளை என்று இருக்கும். அந்த உருளை இரும்புத் தந்திக்குச் செய்ததில்லை, தந்தி அதை அறுத்துவிடும்.

ஆகவே 28 வெள்ளி செட்டில் மூடிய வகையாக, 10 மி.மீ. துளைக்கானதாகப் பார்த்து வாங்குங்கள். நாளைக்குக் காசு வந்து நல்லது வாங்க நினைத்தால் பெரும்பாலான மூடிய கீகள் அதே துளையில் உட்காரும், பின்பக்க ஸ்க்ரூ துளை மட்டும் கொஞ்சம் மாறலாம். மிச்சப் பணத்தில் எலும்பு நட் ஒன்றும் நல்ல தந்தி இரண்டு செட்டும் வாங்குங்கள். முதல் செட் எப்படியும் சோதனையில் போய்விடும்.

கீ வந்ததும், துளை போடுவதற்கு முன், தலையின் கனத்தை அளந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.