சாதாரணச் சளிக்காகப் பாட்டியை உள்ளே விடாமல் இருப்பார்களா?

கும்பகோணத்தில் எட்டாம் மாதமே பிறந்து என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கும் பேரனைப் பார்க்க, சளி பிடித்த பாட்டியை விடவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். நர்ஸ் செய்தது சரிதான்.

சளியை உண்டாக்கும் வைரஸ்களில் ஒன்று ஆர்எஸ்வி. பெரியவர்களுக்கு வெறும் மூக்கொழுகலாகப் போய்விடும் இந்த வைரஸ், குறைமாதக் குழந்தையின் குறுகலான மூச்சுக்குழாயை அடைத்துவிடும். தாயிடமிருந்து வரும் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தைக்குப் போகிறது. இவனுக்கு அது முழுசாகக் கிடைக்கவில்லை. சில சமயம் காய்ச்சல்கூட வராது. பால் குடிக்க மாட்டான், திடீரென்று மூச்சு நின்று நின்று வரும். வைரஸுக்கு ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது.

இருமலைவிட எனக்குக் கைகள்தான் பயம். கட்டில் கம்பி, செல்போன் மாதிரி இடங்களில் ஆர்எஸ்வி சில மணி நேரம் தாங்கும். ஐப்பசி அடைமழையில் நம் டெல்டாவில் வீட்டுக்கு ஒருவர் இருமுவார்! அம்மாவுக்கே சளி என்றாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மாஸ்க் போட்டு, சோப்பால் கை கழுவி, பீய்ச்சிக் கொடுக்கலாம். பாட்டி இப்போதைக்கு வீடியோ காலில் பார்க்கட்டும்.