மழைக்கு நிற்கும் ஆட்டோவுக்குப் புதுக் கொயில் எதற்கு?

கேள்வி: ஐயா, மழை பெய்த மறுநாள் காலையில் ஆட்டோ ஸ்டார்ட் ஆகாது. வெயில் ஏறினால் தானாக ஓடும். கராஜில் கொயில் (பிளக்குக்கு உயர் வோல்ட் மின்சாரம் தரும் சுருள்) மாற்றினார்கள், பிறகு சி.டி.ஐ. (பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பெட்டி) மாற்றினார்கள். காசு போனதுதான் மிச்சம். (தலவாக்கலை)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் தம்பி. வெயில் ஏறியதும் ஓடுகிற வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈரத்தைத்தான். பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம், நனைந்த பிளக் கெப் (பிளக்கின் தலையில் மாட்டும் மூடி) வழியாகவோ வெடித்த வயர் வழியாகவோ எஞ்சின் உடம்புக்குக் கசிந்துவிடுகிறது.

இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, கெப்பிலும் தடித்த பிளக் வயரிலும் ஸ்பிரே போத்தலால் லேசாகத் தண்ணீர் அடியுங்கள். கை வைக்காதீர்கள். நீலப்பொறி தெறிக்கும் இடம்தான் கோளாறு. எஞ்சினை நிறுத்தி, கெப்பைத் திருகிக் கழற்றுங்கள். வயர் நுனி பச்சை பிடித்திருந்தால் 6 மில்லிமீற்றர் வெட்டிவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள். உள்ளே மின்தடை வைத்த ரெசிஸ்டர் கெப் என்றால் மல்டிமீற்றரில் ஏறக்குறைய 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். அதைவிட மிக அதிகமாகவோ ஒன்றும் காட்டாமலோ இருந்தால் கெப்பை மாற்றுங்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் கறுப்புக் கோடு விழுந்திருந்தால் பிளக்கும் போக வேண்டியதுதான். கெப்பின் உள்விளிம்பில் மின்வேலைக்கான சிலிகோன் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் எர்த் வயர் (மின்சாரம் பெட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வயர்) போல்ட்டைப் பளபளக்கத் தேய்த்துப் பூட்டுங்கள், சி.டி.ஐ. கொனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து காயவிடுங்கள். கொயிலுக்குக் கை போவது கடைசியில்.

மலைநாட்டில் மே தொடங்கிப் பெய்யும் மழையோடு இந்த வியாபாரமும் தொடங்கிவிடுகிறது. சோதிக்காமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதைப் பழுதுபார்ப்பு என்று ஒப்புக்கொள்ள முடியாது. அந்தச் சோதனைக்கான செலவு முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது. மாற்றும் முன் பழைய பாகத்தை மீற்றர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கழற்றியதைக் கையோடு வாங்குங்கள். பாகத்தின் பெயர் எழுதிய பில் கேளுங்கள். வாங்கிய பொருளிலோ பெற்ற சேவையிலோ குறை இருந்தால், 3 மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. தொலைபேசி 1977. பில் இருந்தால் இன்றே எழுதுங்கள்.

கேள்வி: கொனெக்டருக்குள் தண்ணீர் போகாமல் குளியலறைக்குப் பூசும் சிலிகோனால் அடைக்கலாமா? (ஹற்றன்)

பதில்: வேண்டாம். காயும்போது வினாகிரி வாடை வரும் வகை, செம்பை அரித்துவிடும்.

கேள்வி: பாவித்த ஸ்கூட்டர் ஒன்றை வெயில் நேரத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து எடுத்தேன். பில் இல்லை. மழையில் இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மங்குகிறது. (நானுஓயா)

பதில்: மழை பெய்யும் ஊரில் வெயிலில் மட்டும் ஓட்டிப் பார்த்து, பில்லும் வாங்காமல் காசைக் கொடுத்தால் யாரிடம் போய்க் கேட்பது? பாவித்த வண்டியை விடியற்காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கோளாறு பெரும்பாலும் எர்த்தில்தான். லைட்டையும் இண்டிகேட்டரையும் போட்டு, பெட்டரியின் மைனஸுக்கும் ஹெட்லைட்டின் எர்த் வயருக்கும் இடையில் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ துரு இருக்கிறது. முன்மூடிக்குள் இருக்கும் கொனெக்டர்களில் தொடங்குங்கள்.

கேள்வி: மலிவான கொனெக்டர் கிளிப் பக்கெட் வாங்கலாமா? (மஸ்கெலியா)

பதில்: காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு, பித்தளை ஒட்டாது. நான் வாங்கிய ஒரு பக்கெட் முழுவதும் இரும்பு, ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.

கேள்வி: இரவில் ஆட்டோவைப் பொலித்தீனால் இறுக்கிக் கட்டியும் உள்ளே ஈரம். (கந்தப்பளை)

பதில்: கட்டுவதால்தான் ஈரம். சூடு ஆறும்போது உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம் நீராகப் படிகிறது. எஞ்சின் ஆறிய பிறகு மேலே மட்டும் மூடி, கீழ்ப்பக்கம் காற்றோட விடுங்கள்.