தட்டின் கடைசிப் பாட்டு – கடிதம்

வணக்கம்.

அமெரிக்க நாட்டுப்புற இசையான ப்ளூகிராஸ் வாசித்த ‘ஓல்ட் அண்ட் இன் தி வே’ குழுவின் நேரடிக் கச்சேரி இசைத்தட்டு, 180 கிராம் எடையுள்ள மறுவெளியீடு. ஆடியோஃபைல் (ஒலித்தரம் தேடுவோருக்கான) பதிப்பு என்று போட்டிருந்ததால் கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன். முதல் இரண்டு பாட்டும் பிரமாதம். பக்கம் முடிய முடிய பாஞ்சோ கரகரக்கிறது, பாடுகிறவர்களின் ‘ஸ’ எல்லாம் ‘ஷ்ஷ்’ என்று சிதறுகிறது. பின்னணியில் இரைச்சல் வேறு. டர்ன்டேபிளோடு வந்த கூம்பு முனை ஊசிதான், ஊசி தட்டை அழுத்தும் எடை 2 கிராம் வைத்திருக்கிறேன். தட்டுதான் மோசமா? நிமிடத்துக்கு 45 சுழற்சியில் வெட்டிய இரட்டைத் தட்டு கிடைத்தால் மறுபடி வாங்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இப்போதைக்கு வாங்காதீர்கள். தட்டின் மீது பழி போடும் முன் ஊசியைப் பார்த்துவிடலாம்.

தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் ஊசிக்குக் கீழே ஓடும் பள்ளத்தின் நீளம் ஒன்றல்ல. வெளிவிளிம்பில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, மையத்திலிருந்து 60 மி.மீ. தூரத்தில், பக்கம் முடியும் இடத்தில், 21 செ.மீ. மட்டுமே. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் இடத்தில் தாராளமாக விரிந்து கிடக்கும். உள்ளே அதே அலை 21 மைக்ரானுக்குள் நசுங்கியாக வேண்டும். கூம்பு முனையின் ஆரமே 15 முதல் 18 மைக்ரான். அந்தக் குழிக்குள் அது இறங்காது, மேடுகளின் மேல் தத்திக்கொண்டு போகும். அந்தத் தத்தல்தான் உங்கள் ‘ஷ்ஷ்’.

இது எல்லாத் தட்டுக்கும் உள்ள நோய்தான், ஆனால் ப்ளூகிராஸில் சீக்கிரம் வெளிப்பட்டுவிடும். டிரம்ஸ் கிடையாது. தாளத்தைப் பிடிப்பது டபுள் பாஸும், எதிரடியில் வெட்டும் மாண்டலினும். பாஞ்சோவின் எஃகுத் தந்தியை உலோக விரல்நகம் சுண்டும்போது ஒலி ஒரே குத்தாக எழுந்து அடங்குகிறது. மறைக்க எதுவும் இல்லை, சிதறல் அப்படியே கேட்கும்.

என்ன செய்வது? டோன்ஆர்மின் (ஊசியைத் தாங்கும் கையின்) அளவுக்குப் பொருந்தும் அலைன்மென்ட் புரோட்ராக்டர், அதாவது ஊசியின் கோணம் பார்க்கும் கோடிட்ட அட்டை, ஒன்றை எடுங்கள். பேர்வால்ட் என்ற கணக்கீட்டு முறையில் ஊசி பள்ளத்துக்குச் சரியாக இணையாக நிற்கும் புள்ளிகள் இரண்டு: மையத்திலிருந்து 66, 120.9 மி.மீ. கார்ட்ரிட்ஜின் (ஊசி பொருத்திய சிறு பெட்டியின்) இரண்டு திருகையும் லேசாகத் தளர்த்தி, இரு புள்ளியிலும் கான்டிலீவர் (ஊசி முனையைத் தாங்கும் மெல்லிய தண்டு) கோட்டோடு ஒத்துப்போகும்வரை நகர்த்துங்கள். கார்ட்ரிட்ஜின் உடலைப் பார்த்துச் சரிசெய்யாதீர்கள். உடலும் கான்டிலீவரும் ஒரே கோட்டில் இல்லாத கார்ட்ரிட்ஜ்கள் நிறைய. அச்சிட்ட தாளாக இருந்தால் அளவுகோலை வைத்துப் பாருங்கள், பிரின்டர் அளவைச் சுருக்கியிருக்கும். ஊசியின் எடையை, ஆர்மில் உள்ள எண்ணை நம்பாமல், சிறு டிஜிட்டல் தராசில் போடுங்கள். எடை குறைந்தால்தான் ஊசி குதித்துப் பள்ளத்தைச் சிதைக்கும். தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல்பாதியில் இருப்பது நல்லது.

பிறகு ஆன்டி-ஸ்கேட்டிங், அதாவது ஆர்மை வெளிநோக்கி இழுத்துச் சமன்செய்யும் அமைப்பு. ஆர்மை உள்நோக்கி இழுக்கும் விசை, ஊசியைப் பள்ளத்தின் உட்சுவரில் சாய்க்கிறது. அது இடது சானல். வெளிச்சுவரான வலது சானலில் பிடி தளர்கிறது. வலது ஸ்பீக்கர் மட்டும் முதலில் உடைந்தால் ஆன்டி-ஸ்கேட்டிங்கைச் சற்றுக் கூட்டுங்கள், இடது உடைந்தால் குறையுங்கள். இத்தனைக்குப் பிறகும் மிச்சமிருந்தால் ஊசியை மாற்றலாம். நீள்வட்ட முனையின் பக்க ஆரம் சுமார் 8 மைக்ரான், மைக்ரோலைன் முனையில் 3 மைக்ரானுக்கு அருகே. ஆடியோ-டெக்னிகா நிறுவனத்தின் வி.எம்.95 கார்ட்ரிட்ஜ் வரிசையில் உடலை அப்படியே விட்டு ஊசியை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும். இன்னொரு தட்டுக்குச் செலவழிக்கும் பணம் இதற்குப் போகட்டும்.

180 கிராமைப் பற்றி: கனமான தட்டு எளிதில் வளையாது, கையில் பிடிக்க மரியாதையாக இருக்கும். அவ்வளவுதான். தட்டு தடித்ததால் ஊசியின் கோணம் கெட்டுவிடும் என்பார்கள்; 230 மி.மீ. ஆர்மில் ஒரு முழு மில்லிமீட்டர் தடிப்புக்கே கோணம் கால் டிகிரிதான் மாறும். அதைவிடக் கவலைப்பட வேண்டியது நடுத்துளை. துளை அரை மி.மீ. விலகியிருந்தால் உட்பள்ளத்தில் சுருதி ஏறத்தாழ 14 சென்ட் (அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலும் கீழும் போகும், 1.8 நொடிக்கு ஒரு முறை. ‘வைல்ட் ஹார்சஸ்’ பாட்டில் வாசர் கிளெமென்ட்ஸின் ஃபிடில் நீட்டி இழுக்கும் இடங்களைக் கேளுங்கள். ஒரே சீரான இடைவெளியில் தள்ளாட்டம் தெரிந்தால் தட்டைத் திருப்பிக் கொடுங்கள். இந்தக் குறையை எந்த ஊசியும் சரிசெய்யாது.

இரைச்சல் வேறு கதை. இந்தக் கச்சேரி 1973 அக்டோபர் 8 அன்று சான் பிரான்சிஸ்கோவின் போர்டிங் ஹவுஸ் அரங்கில் நடந்தது. ஜெரி கார்சியா பாஞ்சோ, டேவிட் கிரிஸ்மன் மாண்டலின், பீட்டர் ரோவன் கிட்டார், ஜான் கான் பாஸ். ஒலிப்பதிவு செய்த ஓஸ்லி ஸ்டான்லியும் விக்கி பாப்காக்கும் எட்டு மைக்கை, சானலுக்கு நான்காக, அங்கேயே கலந்து நேராக நாக்ரா என்ற ஸ்டீரியோ டேப் கருவியில் இறக்கினார்கள். தட்டு வந்தது 1975-இல். தனித்தனி டிராக் எதுவும் இல்லாததால், 50 வருஷம் கழித்து எவர் வந்தாலும் மறுபடி மிக்ஸ் செய்ய முடியாது. பாஞ்சோவின் கூர்மையைக் குறைக்கப்போனால் அதே சானலில் உள்ள குரலும் மங்கும். இரைச்சலை முழுக்கத் துடைத்தால் கூடவே அரங்கின் காற்றும் போய்விடும். நல்ல மாஸ்டரிங் எஞ்சினியர் (தட்டு வெட்டுமுன் ஒலியைச் செப்பனிடுபவர்) அதைத் தொடமாட்டார்.

டேப்பின் இரைச்சலா தட்டின் இரைச்சலா என்று அறிய, ஊசியை வெளிவிளிம்பின் பாட்டில்லாத பள்ளத்தில் இறக்கி ஒலியைக் கூட்டுங்கள். அங்கே அமைதியாக இருந்து, கச்சேரி தொடங்கும்போது ‘ஸ்ஸ்’ கூடவே எழுந்தால் அது டேப். முதலிலிருந்தே இருந்தால் தட்டு. இடம் மாறி மாறி வரும் ‘டிக்’ நிலைமின்சாரம். கழுவிய பிறகும் ஒரே இடத்தில் வந்தால் அச்சுக் குறை.

45 சுழற்சியில் லாபம் நிஜம்தான். உட்பள்ளத்திலும் நொடிக்கு 28 செ.மீ. கிடைக்கும், பக்கம் சிறியதென்பதால் அவ்வளவு உள்ளே போகவும் வேண்டாம். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். ஸ்டுடியோ ஆல்பத்தில் பொறுத்துக்கொள்ளலாம், கைதட்டல் ஓயுமுன் அடுத்த பாட்டு தொடங்கும் கச்சேரியில் எரிச்சல். ‘முழு அனலாக்’ என்ற ஸ்டிக்கருக்காகவும் பணத்தை இறைக்காதீர்கள். ஆடியோஃபைல் மறுவெளியீடுகளுக்குப் பேர்போன மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் தட்டுகள் பலவற்றில் இடையே டிஜிட்டல் நகல் இருந்தது 2022-இல் வெளிவந்தது. அதுவரை அவற்றை அனலாக் என்று சிலாகித்த காதுகளில் தேர்ந்த காதுகளும் உண்டு.

ஊசியைச் சரிசெய்தபின் இரண்டாம் பக்கத்தின் கடைசி இரண்டு பாட்டு, ‘வைட் டவ்’, ‘லேண்ட் ஆஃப் தி நவஹோ’ இரண்டையும் போடுங்கள். இன்னும் உடைந்தால் எந்த ஸ்பீக்கரில் என்று பார்த்து எழுதுங்கள்.