பாக்கெட்டுல ஒரு பிளேடு இருக்கட்டும்

போன மாசம் இந்தப் பக்கத்துல எங்க தாத்தா வச்சிருந்த பழைய ஜில்லெட் ரேசர் பத்தி நாலே நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்த கடிதாசும் வாட்ஸ்ஆப் மெசேஜும் பாத்தா மாவட்டத்துல பாதிப் பேரு மச்சுல ஏறி டிரங்குப் பெட்டிய கொடைஞ்சுட்டு இருக்காங்க போல. அதனால இந்த தடவை எல்லாமே ரேசர் கேள்விதான். தென்னைக்கு வண்டு விழுதுன்னு எழுதுன அண்ணன் ஒரு மாசம் பொறுத்துக்கிடணும்.

கேள்வி: அண்ணாச்சி, 1950கள்ல வந்த ஜில்லெட் சூப்பர் ஸ்பீட் ரேசர் ஒண்ணு ஆன்லைன்ல 4,500 ரூவாக்கு கிடக்கு, மின்ட் கண்டிஷன்னு போட்டிருக்காங்க. கூட்டுக்காரன் சொல்லுதான், கோட்டாறு பக்கம் பழைய சாமான் கடை ஏறி இறங்குனா இருநூறு ரூவால முடிஞ்சிரும்னு. நான் எதை நம்ப?
— ஒரு வாசகர், தக்கலை

தம்பி, கூட்டுக்காரர் பொய் சொல்லல, ஒரு விஷயத்த மட்டும் விட்டுட்டாரு. இருநூறு ரூவாக்கு கெடைக்கும், எந்த வருசம் கெடைக்கும்னு யாருக்கும் தெரியாது. கடைக்குப் போயி "சூப்பர் ஸ்பீட் இருக்கா"ன்னு கேட்டா அந்த மனுசன் உங்கள மேலயும் கீழயும் பாப்பாரு. "பழைய சேவிங் செட்டு எதுனா கிடக்கா"ன்னு கேட்டா ஒரு தகர டப்பாவ தள்ளி விடுவாரு, அதுல சாவி, பூட்டு, பேனா மூடி, நடுவுல ரேசர் ஒண்ணு இருந்தாலும் இருக்கும்.

நான் இங்க கையில எடுத்துப் பாத்ததுல முக்காவாசி மேட் இன் இங்லண்ட்னு அடிச்ச டெக் மாடல்தான். மேல்தட்டு, அடித்தட்டு, கைப்பிடின்னு மூணு துண்டா கழலும், 1930கள் கடைசில வந்த மாடல். எஸ்டேட்டு வேலை, சிலோன் வேலை, பட்டாளம், கப்பல், அப்புறம் கல்ஃபுன்னு நம்ம ஆளுங்க போயிட்டு வந்த பெட்டிகள்ல வந்து சேந்தது இதெல்லாம். சூப்பர் ஸ்பீட் 1947ல அமெரிக்காவுல எறக்குனது, அடில இருக்க குமிழ திருப்புனா மேல ரெண்டு கதவும் பட்டாம்பூச்சி மாதிரி விரியும். அமெரிக்க சரக்கு நம்ம பக்கம் கம்மி, அதுதான் வேணும்னு பிடிவாதமா நின்னா ஆன்லைன் தவிர வழி கிடையாது.

ஆனா 4,500? வேண்டாம். பழசுன்னாலே அபூர்வம்னு நெனைக்கதுதான் மொத தப்பு. ஜில்லெட் கம்பெனி 1903ல வித்தது மொத்தமே 51 ரேசரும் 168 பிளேடும், அதுல ஒண்ணு கெடச்சா வீட்ட அடமானம் வச்சு வாங்கலாம். அதுக்கப்புறம் முதல் உலகப்போர்ல அமெரிக்க பட்டாளத்துக்கு மட்டும் 35 லட்சம் ரேசர் போயிருக்கு, கூட 3 கோடியே 20 லட்சம் பிளேடு. சூப்பர் ஸ்பீடும் அப்படி கோடிக்கணக்கான பேரு தினமும் மொகத்துல இழுத்த சாமான்தான், நகைக்கடை சரக்கு இல்ல.

விக்கிறவருக்கு உண்மைலயே வெவரம் தெரியுமான்னு பாக்க ஒரு வழி இருக்கு. ரேசர் தலைக்கு அடிப்பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அமெரிக்க ஜில்லெட்டுல 1951லேருந்து ஒரு இங்கிலீஷ் எழுத்தும் ஒரு நம்பரும் அடிச்சிருப்பாங்க, ஏ-ன்னா 1955, பி-ன்னா 1956, சி-ன்னா 1957, கூட இருக்க 1லேருந்து 4 வரைக்குமான நம்பர் வருசத்துல எந்த மூணு மாசம்னு சொல்லும். பேட்டன்ட் நம்பர பாத்துட்டு "1904ல செஞ்சது"ன்னு அடிச்சு விடுறவங்க நெறைய பேரு, 1904 ஜில்லெட்டுக்கு பேட்டன்ட் கெடச்ச வருசம், அத வச்சு ரேசருக்கு வயசு சொல்லக்கூடாது.

இப்ப எனக்க சொந்தக் கதை. வெளிநாட்டுலேருந்து கோல்டு பிளேட்டட்னு ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன், போட்டோல தங்கக்காசு மாதிரி மின்னிச்சு. ரேசர் வெலைய விட ஷிப்பிங் கூட, அதுக்கு மேல கஸ்டம்ஸ் டூட்டி வேற. வந்தத கையில எடுத்து முறுக்குனா முறுக்கிக்கிட்டே போவுது, இறுகவே மாட்டேங்குது, வெயில்ல பிடிச்சுப் பாத்தா கைப்பிடிக் குழல்ல முடி மாதிரி ஒரு விரிசல் மேலேருந்து கீழ வரைக்கும். பழைய ஜில்லெட் கைப்பிடி நெறைய மெல்லிசு பித்தளைக் குழல்தான், இந்த வெடிப்பு அதுக்கு ஒரு வாடிக்கையான சீக்கு. விக்கிறவர்கிட்ட கேட்டா "விரிசல் இல்லன்னு நான் சொல்லலையே"ன்னு ஒரு பதிலு. வாஸ்தவம்தான், சொல்லல. நானும் கேக்கல. இப்ப அது எனக்க மேசைல பேப்பர் பறக்காம இருக்க வச்சிருக்கேன்.

அதனாலதான் சொல்லுதேன், மொத ரேசர ஆன்லைன்ல வாங்காதீங்க. கடைக்குப் போங்க, போகும்போது சட்டைப் பாக்கெட்டுல பேப்பரு சுத்துன புது பிளேடு ஒண்ணு வச்சுக்கிடுங்க. டோபாஸோ 7 ஓ கிளாக்கோ எதுவா இருந்தாலும் சரி, பெட்டிக்கடைல வாங்குற இந்த ரெண்டு பக்க பிளேடு எழுபது எண்பது வருசப் பழைய ஜில்லெட்டுலயும் அப்படியே உக்காரும், அதுதான் இந்த ரேசருக்க அழகே. பிளேட போட்டு இறுக்கிட்டு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு, பிளேடு ஓரத்துக்கும் கீழ இருக்க கம்பிக்கும் உள்ள இடைவெளி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் கொறைவுன்னா எப்பவோ கீழ விழுந்து வளைஞ்சிருக்கு, அது கண்டிப்பா தாடைய கீறும். சீப்பு மாதிரி பல்லு வச்ச மாடல்னா ஒவ்வொரு பல்லா நகத்தால தடவிப் பாருங்க. பட்டாம்பூச்சி மாடல்னா கதவு ரெண்டும் ஒண்ணு போல மூடணும், குமிழ் சுத்தலன்னா கொறடு போட்டு திருகாதீங்க, முக்காவாசி நேரம் உள்ள இறுகிக் கெடக்கது பழைய சோப்புதான். பாலிஷ் போனது, அங்கங்க பித்தளை தெரியுறது, அதெல்லாம் அழகுக் குறைச்சல் மட்டும்தான், அத வச்சு வெலைய கொறைங்க. ஆனா மேல்தட்டுல அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா இருந்தா அங்கயே வச்சுட்டு வந்துருங்க.

ரெண்டாவது ரேசருக்கு ஆன்லைன் போகலாம், அப்ப உங்க கைக்கு நல்லது எப்படி இருக்கும்னு தெரிஞ்சிருக்கும். பிளேடு போட்ட நெலைல ரெண்டு பக்க போட்டோ, கைப்பிடி அடிப்பக்க போட்டோ, விரிசல் இல்லன்னு எழுத்துல ஒரு வரி, இது மூணும் தராதவர்கிட்ட வாங்காதீங்க. ஃபேட்பாய்னு சொல்லுற, 1லேருந்து 9 வரைக்கும் நம்பர் போட்டு திருப்புற மாடல்னா ஒவ்வொரு நம்பரா திருப்பிக் காட்டுற வீடியோவும் கேளுங்க.

கேள்வி: குளச்சல் ஆக்கர் கடைல, அதான் பழைய சாமான எடைக்கு வாங்குற கடைல, 80 ரூவாக்கு ஒரு ரேசர் எடுத்தேன். ஒரே பச்சைக் களிம்பு. வீட்டுல விளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டு தேச்சிரவா?
— ஒரு வாசகர், குளச்சல்

ஐயோ, புளிய தொடாதீங்க. குத்துவெளக்கு முழுப் பித்தளை, ரேசர் பித்தளை மேல நிக்கல் பூசுனது. புளியும் சாம்பலும் போட்டு தேச்சா களிம்போட நிக்கலும் போயிரும், தங்க முலாம் மாடல்னா ஒரே தேய்ப்புல முலாமே போயிரும். ப்ளீச்சும் கூடாது. கை பொறுக்குற சூட்டுல தண்ணி, அதுல பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு, அரை மணிக்கூர் ஊற வச்சு பழைய டூத் பிரஷ்ஷால பைய தேய்ங்க. ஒரு நாள்ல போகலன்னா ரெண்டு நாள். கதவு மாடலுக்கு காஞ்ச பெறவு தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

கடக்கரைல இருக்கதால இன்னொண்ணு, சேவ் பண்ணி முடிஞ்சதும் ரேசர பாத்ரூம்லயே விடாதீங்க. உப்புக்காத்தும் ஈரமும் சேந்தா திரும்பவும் களிம்பு ஏறும், கழுவி ஒதறி வெளிய வச்சிருங்க. 80 ரூவாக்கு நல்லாவே வாங்கியிருக்கீங்க, கொள்ளாம்.

கேள்வி: அண்ணா, மாமனார் பெட்டில வெள்ளி மாதிரி ஒரு டப்பா இருந்தது, தொறந்தா ஒரு பக்கம் கல்லு, ஒரு பக்கம் தோலு, நடுவுல ரேசர், ரோல்ஸ்னு எழுதியிருக்கு. ரோல்ஸ் ராய்ஸ் கார் கம்பெனி செஞ்சது, லட்ச ரூவா போகும்னு வீட்டுக்காரர் சொல்லுதாரு. ஆக்கர் கடைல எடைக்கு 60 ரூவா சொன்னாங்க.
— ஒரு வாசகி, மார்த்தாண்டம்

தங்கச்சி, வீட்டுக்காரர்ட்ட பைய சொல்லுங்க, ரோல்ஸ் ரேசருக்கும் ரோல்ஸ் ராய்ஸுக்கும் பேரத் தவிர ஒரு சம்பந்தமும் கிடையாது. அது இங்கிலாந்துல தனிக் கம்பெனி, கடைசில வாஷிங் மெஷின் வித்து 1964ல திவாலாச்சு. ரேசர் என்னவோ அருமையான சாமான், டப்பா மூடிய மாத்தி மாட்டி கைப்பிடிய முன்னும் பின்னும் தள்ளுனா பிளேடு கல்லுலயும் தோலுலயும் தானா தீட்டிக்கிடும், அந்த கடகட சத்தத்த உங்க மாமியார் இருந்தா கேட்டுப் பாருங்க, ஞாபகம் இருக்கும்.

லட்சமெல்லாம் போகாது, ஏராளமா செஞ்சு வித்த மாடல் அது. அதுக்காக 60 ரூவாக்கும் போட்டுறாதீங்க. ஆக்கர் கடைக்காரர குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, அவருக்கு அது இத்தன கிராம் உலோகம், உருக்குனா முடிஞ்சுது. நம்ம ஊர்ல பழைய ஓட்டு வீட்ட இடிச்சு கான்கிரீட் வீடு கட்டுறப்ப நெலைக்கதவுக்கும் உருளிக்கும் ஆளு வெல பேசுறாங்க, சின்ன சாமானெல்லாம் இப்படித்தான் தராசுல ஏறிப் போயிருது. கல்லு ஒடையாம, தோலு கிழியாம, உள்ள பிளேடோட இருந்தா நல்லா போட்டோ எடுத்து ஆன்லைன்ல போடுங்க. விக்கிறதுக்கு ஆன்லைன்தான் நல்லது. இல்லன்னா மாமனார் சாமான், அலமாரிலயே இருந்துட்டு போட்டும், தீனி கேக்காதே.

கேள்வி: அண்ணாச்சி, நான் காலேஜ் படிக்கேன். பழைய கடைல ரேசர் ஒண்ணு வாங்கினேன், "யாரோ செத்தவங்க ரேசர கொண்டு வந்திருக்கான், சீக்கு வரும்"னு அம்மா ஏசுதாங்க. வருமா?
— ஒரு மாணவர், நாகர்கோவில்

அம்மா ஏசுறதுல பாதி நியாயம் இருக்கு. பிளேடுதான் தோல வெட்டுறது, அத நீங்க புதுசு போடப் போறீங்க. ஆனா மஞ்சக்காமாலை வகைல ஹெப்படைட்டிஸ் பி கிருமி ஒடம்புக்கு வெளிய கொறஞ்சது ஏழு நாள் தாங்கும், கடைல நேத்து யாரு எதுக்கு எடுத்தாங்கன்னு நமக்கு தெரியாதில்ல. மேல சொன்ன மாதிரி சோப்புத் தண்ணில கழுவி, முழுசா அழுக்கு போன பெறவு மெடிக்கல் ஷாப்புல கெடைக்கிற ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல கொஞ்ச நேரம் முக்கி வச்சு எடுங்க. அழுக்கோட முக்குனா பிரயோஜனம் இல்ல. சுத்தம் பண்ணுன ரேசரா இருந்தாலும் ஹாஸ்டல்ல இன்னொருத்தனுக்கு கொடுக்கக்கூடாது.

அப்புறம், வாங்குன உடனே ஆர்வத்துல தொறக்காதீங்க, உள்ள பழைய துருப்பிடிச்ச பிளேடு கெடக்கும். எனக்க பெருவெரல் அப்படி ஒருதடவ கிழிஞ்சு டிடி ஊசி போட ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன், எப்படி கிழிஞ்சுதுன்னு நர்சம்மாட்ட சொல்லக் கூச்சமாயிருந்துது.

கேள்வி: பழைய கடைல பேரம் பேச ஒரு வழி சொல்லுங்க.
— ஒரு வாசகர், கருங்கல்

ரேசர மொதல்ல கையில எடுக்காதீங்க, எடுத்தா கண்ணு காட்டிக் கொடுத்துரும். பழைய பூட்டு, டம்ளர்னு எதையாவது வெல கேட்டுட்டு, "இதையும் சேத்து என்ன?"ன்னு கடைசில கேளுங்க. ஃபோன எடுத்து அங்க நின்னே ஆன்லைன் வெல பாக்காதீங்க, அவரும் பாப்பாரு. திங்கள்சந்தை பக்கம் ஒரு கடைல நான் அப்படித்தான் மாட்டினேன், 100 ரூவா சொன்ன மனுசன் நான் ஃபோனத் தொறந்ததும் 1,000 ஆக்கிட்டாரு. மறுவாரம் ஃபோன் இல்லாம போனேன். "இத வச்சு என்ன செய்வீரு?"ன்னு கேட்டாரு, தாடி வழிக்கன்னு சொன்னதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சுட்டு 150க்கு குடுத்தாரு, சோப்பு கொழைக்கிற கிண்ணம் ஒண்ணு சும்மாவே தந்தாரு.