நார் ஏன் அறுபடாமல் உருவி வந்தது?

அம்மா, கடந்த வாரம் கருங்கலிலிருந்து மகனையும் அழைத்துக்கொண்டு வந்திருந்த நீங்கள், "எப்படியாவது கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் அண்ணன்மார் முகத்தில் விழிக்க முடியாது" என்று கண்கலங்கினீர்கள். அன்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். இன்று கண்டிப்பாகவே எழுதுகிறேன்: உங்கள் மகனுக்குப் பொருந்துவது பிளாஸ்டிக் தொழில்நுட்பப் படிப்பு. நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள். வட்டி கட்ட வேண்டிய மாதங்களில் மாமன்மார் யாரும் உங்கள் வாசலில் வந்து நிற்கமாட்டார்கள்.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேசையில் வைத்தான். குளச்சலில் ஃபைபர் வள்ளம் பழுதுபார்க்கும் சித்தப்பாவின் கொட்டகையில் மிஞ்சிய பாலியெஸ்டர் ரெசினை, அதாவது ஊற்றியபின் இறுகும் பிளாஸ்டிக் கூழை, வாழைநாரின்மேல் ஊற்றி, அவனே வார்த்து உடைத்துப் பார்த்த பட்டை அது. உடைந்த முனையில் நார்கள் பூனைமீசைபோல நீட்டிக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கத்தில் அவை இருந்த இடங்களில் சிறு துளைகள். "அறுந்திருந்தால் சரி, ஏன் சார் உருவிக்கொண்டு வந்தது?" என்று கேட்டான். தாவர நாரையும் ரெசினையும் சேர்த்துச் செய்யும் கூட்டுப்பொருள்களை ஆராய்பவர்கள் இன்றும் கேட்கும் கேள்வி அது.

வாழைநார் நீரை ஈர்ப்பது, ரெசின் நீரை விலக்குவது. நாரின்மேல் படிந்த மெழுகும் இரண்டையும் ஒட்டவிடுவதில்லை. நாரை 5 விழுக்காடு அளவிலான காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவி நன்றாக உலர்த்தினால், மேற்பரப்பு சொரசொரப்பாகி ரெசினின் பிடிமானம் கூடும். கரைசலின் செறிவு மீறினால் நாரே நலிந்துவிடும். நம் ஊர்த் தும்பின், அதாவது தேங்காய் நாரின், குணம் வேறு. அதில் மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் 40 விழுக்காடு அளவுக்கு இருக்கிறது; இழுவலிமை (அறுபடாமல் தாங்கும் இழுப்பின் அளவு) ஏறத்தாழ 150 முதல் 200 மெகாபாஸ்கல்தான், வாழைநாருக்கோ 500 அளவில் வரும். ஆனால், வாழைநார் சில விழுக்காடு நீண்டதுமே அறுந்துவிட, தும்பு 15 விழுக்காட்டுக்கு மேலும் நீண்டு கொடுக்கும். ஃபைபர் வள்ளத்திலுள்ள கண்ணாடி இழை 2000 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்குவதால் வள்ளத்தின் அடிப்பகுதியை இந்த நார்களிடம் ஒப்படைக்க முடியாது. கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம், தும்பின் அடர்த்தி 1.2 கிராம். அதனால் எடை குறைய வேண்டிய கார் கதவின் உட்பலகை போன்ற பொருள்களில்தான் தாவர நாருக்கு இடம் கிடைத்திருக்கிறது.

வெப்பத்திலும் கணக்கு உண்டு. நாரிலுள்ள ஹெமிசெல்லுலோஸ் 200 பாகை செல்சியஸைத் தாண்டியதும் சிதையத் தொடங்கும், செல்லுலோஸ் 300 பாகையை ஒட்டித்தான் சிதையும். ஆனால் நார் கருகுவதற்கு வெகு முன்பே ரெசின் தன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையில் (விறைப்பான பிளாஸ்டிக் இளகத் தொடங்கும் சூட்டில்) இளகிவிடும். எந்தச் சூட்டில் நிற்கும் பொருளுக்கு எந்த ரெசின், எவ்வளவு நார் என்று சொல்லத் தெரிவதுதான் பிளாஸ்டிக் தொழில்நுட்பப் படிப்பு.

சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி) ரப்பர் மற்றும் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் பி.டெக். பாடமாக இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழக வளாகம் என்பதால் பொறியியல் கலந்தாய்வு வழியாகவே சேரலாம். அங்கே கிடைக்காவிட்டால் மத்திய அரசின் பிளாஸ்டிக் துறைக் கல்வி நிறுவனமான சிப்பெட்டின் பிளாஸ்டிக் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பையும் கௌரவக் குறைவாக எண்ணாதீர்கள். 6ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கலந்தாய்வு இடத்துக்கான கட்டணத்தை அரசே ஏற்கிறது. இதைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள். தொடக்கச் சம்பளம் மென்பொருள் வேலையைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் கடன் இல்லாத வீட்டுக்கு அந்தச் சம்பளம் முழுதாக வந்து சேரும்.

அடுத்த சனிக்கிழமை அவனை மட்டும் அனுப்புங்கள். காஸ்டிக் சோடாவில் ஊறிய நாரில் ஒரு பட்டையும் ஊறாத நாரில் ஒன்றுமாக வார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். கையுறை கட்டாயம். ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரைச் சித்தப்பாதான் அளந்து ஊற்ற வேண்டும். கூடிப்போனால் குவளை கையில் பிடிக்க முடியாதபடி கொதிக்கும்.