சரக்கு வேனில் சாமான் ஏற்றி இறக்கும்போது வண்டி நகராமல் நிறுத்துவது எப்படி?

அடுத்த மாதம் முதல் பினாங்கில் ஒரு மளிகை மொத்த வியாபாரியிடம் வேன் ஓட்டப் போவதாகவும், இதுவரை கார் மட்டும்தான் ஓட்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பட்டர்வொர்த் கிடங்கில் ஏற்றி, தீவுக்குள் கடை கடையாக இறக்கும் வேலை. ஹேண்ட் பிரேக் போட்டால் போதாதா, இன்னும் என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

போதாது தம்பி. நான் 17 வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். முதல் மூன்று வருடம் கெலிண்டான், அதாவது டிரைவரின் உதவியாள், அப்புறம் டிரைவர். ஹேண்ட் பிரேக் போதும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். ஒரு தைப்பூசத்துக்கு மறுநாள் அந்த நம்பிக்கை போனது.

தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில், பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு தண்ணீர்ப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாமான்களை எடுத்துப்போக என் வேனைக் கேட்டார்கள். சந்து நல்ல சரிவு. மேட்டைப் பார்த்து ஏற்றி நிறுத்தினேன், பின்கதவு பள்ளத்தின் பக்கம் இருந்தது. வண்டி காலி. ஹேண்ட் பிரேக்கை நாலு 'டிக்' இழுத்ததும் ஆடாமல் நின்றது. கியரை நியூட்ரலிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

பந்தலின் இரும்புக் குழாய்கள் ஏறின. அண்டாக்கள், கேஸ் தோங்குகள் (சிலிண்டர்கள்), மடக்கு மேசைகள், மிச்சமிருந்த 25 கிலோ அரிசி மூட்டைகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டே இருந்தன. அரை மணி நேரம் வண்டி அப்படியே நின்றது. கடைசியில் மூட்டைகளைத் தள்ளி அடுக்க கெலிண்டான் உள்ளே தாவி ஏறினார். அந்த ஓர் ஆட்டம் போதுமாக இருந்தது. வேன் சத்தமே இல்லாமல் பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் நின்றிருந்த 19 வயதுப் பையன் இரண்டு கையையும் கதவில் வைத்துத் தடுக்கப் பார்த்தான். நாலைந்து அடிதான் உருண்டிருக்கும். ஒரு குட்டைச் சுவரில் முட்டி நின்றது. பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் அவன் கால். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. கோயில் காரியம் என்று உதவிக்கு வந்த பிள்ளை, யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை, அதனால் தொழிலாளர் காப்புறுதியான சொக்சோ பணமும் கிடையாது. நாங்கள்தான் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தோம். இப்போது நன்றாக நடக்கிறான். தரையில் சம்மணமிட்டு உட்கார மட்டும் முடியாது.

அன்று நடந்ததற்குக் காரணத்தை விளக்குகிறேன், ஏனென்றால் உங்கள் வேலையில் இது தினமும் வரும். சாலை 10 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சரிவில் வண்டியின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். காலி வேன் 1,200 கிலோ என்றால் இழுப்பு 120 கிலோ. 800 கிலோ சாமான் ஏறினால் 200 கிலோ. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தது 120 கிலோவுக்கு. அரை மணி நேரத்தில் அது தாங்க வேண்டிய பாரம் 200 ஆகிவிட்டது. பிரேக் அதேதான், கேபிள் அதேதான், வண்டிதான் வேறு வண்டியாகிவிட்டது. கார் ஓட்டுகிறவருக்கு இந்த அனுபவமே வராது. நிறுத்தும்போது என்ன எடையோ, திரும்பி எடுக்கும்போதும் கிட்டத்தட்ட அதே எடைதான். சரக்கு வேன் நிற்கும்போதே எடை மாறும்.

இறக்கும்போது வேறு ஆபத்து. பழைய சரக்கு வேன்கள் பலவற்றில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும், ஆனால் இழுப்பது பின்சக்கரம். ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் பின்சக்கரத்தை. அதாவது கியர், ஹேண்ட் பிரேக் இரண்டும் அந்த இரண்டு டயரை நம்பித்தான் இருக்கின்றன, முன்சக்கரங்களுக்குப் பிடிப்பே கிடையாது. பின்பக்கம் பாரம் இருக்கும்வரை அந்த டயர்கள் தரையை அழுத்திப் பிடிக்கும். மூட்டை இறங்க இறங்கப் பின்பக்கம் லேசாகிவிடும். மூக்கு பள்ளத்தைப் பார்த்து நிற்கிற வண்டி என்றால் எடை இன்னும் முன்னால் போய்விடும். மழை, பாசி, சிந்திய எண்ணெய் இதில் ஒன்று தரையில் இருந்து, சரிவும் செங்குத்தாக இருந்தால், சக்கரம் பூட்டியபடியே டயர் வழுக்கும். பாயா தெருபோங் மேட்டில் இருக்கும் அடுக்குமாடிகளுக்கு மழைக்காலத்தில் சாமான் கொண்டுபோனால் இதை நினைவில் வையுங்கள்.

அதனால் கட்டை வேண்டும். டயருக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையைச் சொல்கிறேன். ரப்பரில் செய்தது லோரி உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். இரண்டு வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். செங்கல் வேண்டாம், பாரம் ஏறினால் நொறுங்கிவிடும். உருண்டைக் கல்லும் வேண்டாம், டயரோடு சேர்ந்து அதுவும் உருளும். கட்டை எப்போதும் பள்ளத்தின் பக்கம்தான் வர வேண்டும். வண்டி மேட்டைப் பார்த்து நின்றால் பின்டயருக்குப் பின்னால், பள்ளத்தைப் பார்த்து நின்றால் முன்டயருக்கு முன்னால். இரண்டு பக்க டயருக்கும் வைத்து, டயரோடு ஒட்ட காலால் தள்ளிவிடுங்கள். நடுவில் ஒரு கை இடைவெளி விட்டால், வண்டி உருண்டு வேகம் எடுத்து அந்தக் கட்டையின் மேலேயே ஏறிவிடும்.

சமதளம் கிடைத்தால் நூறு அடி கூடுதலாக டிராலி தள்ளினாலும் பரவாயில்லை, அங்கேயே நிறுத்துங்கள். சரிவுதான் என்றால் மூக்கைப் பள்ளத்தின் பக்கம் வைத்து நிறுத்துவதுதான் என் பழக்கம். சாமான் ஏற்றி இறக்குகிறவர்கள் எல்லாரும் பின்கதவில்தான் நிற்பார்கள். மூக்கு கீழே பார்த்தால், ஒருவேளை வண்டி நகர்ந்தாலும் அவர்களை விட்டு விலகித்தான் போகும். அன்று நான் நேர்மாறாக நிறுத்தியிருந்தேன், அந்தப் பையன் வண்டி உருளும் வழியிலேயே நின்றான். இன்னொரு வசதி, உள்ளே இருக்கும் சாமான் முன்தடுப்பின் மேல் சாய்ந்திருக்கும், பின்கதவைத் திறந்ததும் ஆள் மேல் விழாது. ஆனால் இப்படி நிறுத்தினால் முன்டயருக்குக் கட்டை கட்டாயம். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது, பிள்ளைகள் விளையாடினாலும் நகர்ந்து போகச் சொல்லிவிடுங்கள்.

ஹேண்ட் பிரேக்கை முழுப் பாரம் இருப்பதாக நினைத்து முழுசாக இழுங்கள். மேட்டைப் பார்த்தால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்தால் ரிவர்ஸ் கியர். ஆட்டோ கியர் வண்டியில் வரிசை முக்கியம். காலால் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலை மெதுவாக எடுத்து வண்டியின் எடை ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்த பிறகுதான் பார்க்கிங்கில் போட வேண்டும். நேராகப் பார்க்கிங்கில் போட்டால் கியர்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்ன இரும்புப் பல் முழு வண்டியையும் தாங்க வேண்டி வரும். அப்புறம் ஸ்டியரிங். நம் ஊரில் இடப்பக்கம்தானே நிறுத்துவோம், மூக்கு கீழே பார்த்தால் சக்கரத்தை இடப்பக்கம், நடைபாதைக் கல்லை நோக்கித் திருப்பிவிடுங்கள். மேலே பார்த்து நின்றால் வலப்பக்கம். எப்படி உருண்டாலும் டயர் கல்லில் போய் முட்டி நிற்கும். கல் இல்லாத சாலை என்றால் இரண்டுக்குமே இடப்பக்கம்தான்.

எஞ்சினை அணைத்துச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலைதானே என்று எஞ்சினை ஓடவிட்டுக் கடைக்குள் போகிறவர்களைப் பார்க்கிறேன். சாமானோடு வண்டியே போய்விடும். உள்ளே யாராவது கியரைத் தட்டினாலும் ஆபத்து. பின்கதவு திறந்திருக்கும்போது டீசல் புகை உள்ளே வேலை செய்கிறவர் மூக்குக்குத்தான் போகும்.

ஜார்ஜ்டவுன் பக்கம் சரிவு கிடையாது, அங்கே தொல்லை வேறு. லிட்டில் இந்தியாவில் லெபோ பசார், லெபோ குயின் எல்லாம் குறுகலான தெருக்கள். கடையை ஒட்டி நிறுத்த நினைத்து இடப்பக்க டயரைச் சாக்கடை மூடியின் மேல் ஏற்றிவிடாதீர்கள். காலி வேனைத் தாங்கும் சிமெண்டு மூடி, பாரம் ஏற்றிய வேனின் கீழ் உடைந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு வண்டி அப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளே அடுக்கியிருந்த எண்ணெய்ப் பெட்டிகள் எல்லாம் பக்கக் கதவின் மேல் சரிந்துவிட்டன. கதவைத் திறக்க முடியாமல் பின்பக்கமாக ஏறி ஒவ்வொரு பெட்டியாக எடுத்தார்கள்.

நான்கு சிக்னலையும் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். இரண்டு பக்கமும் விரியும் பின்கதவு சில வண்டிகளில் விளக்குகளை மறைத்துவிடும். பின்னால் சிவப்பு முக்கோணமோ கூம்போ வையுங்கள். டிரைவர் கதவு வலப்பக்கம், சாலைப் பக்கம்தானே திறக்கிறது. மோட்டார்சைக்கிள்கள் இடுக்கில் புகுந்து வரும். கண்ணாடியைப் பார்க்காமல் கதவைத் திறக்கவே கூடாது.

மேலே தூக்கும் வகைப் பின்கதவு என்றால், அதைத் தாங்கும் கேஸ் தண்டு இரண்டும் பழசானதும் வலுவிழந்துவிடும். மூட்டையோடு குனிந்திருக்கும்போது கதவு தலையில் இறங்கும். தண்டு மாற்றும்வரை முட்டுக் கொடுக்க ஒரு கம்பு வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கதவானாலும் முதலில் ஒரு கை அளவு மட்டும் திறந்து, பக்கத்தில் ஒதுங்கி நின்று, உள்ளே எதுவும் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாலிக் புலாவுக்கு ஜாலான் துன் சார்டோன் வழியாக மேடேறி வளைந்து போனால், அடுக்கியது அடுக்கியபடி இருக்காது.

உள்ளே கட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனமானது கீழே, முன்தடுப்பை ஒட்டி. கடைசியில் இறக்க வேண்டியது முதலில் ஏற வேண்டும். ராஃபியா கயிற்றை நம்பாதீர்கள், அது பெட்டி கட்டத்தான் லாயக்கு. பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் ரேட்செட் பெல்ட் வாங்குங்கள். பாரம் கட்டும் விதிகளில் முன்பக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சாமானின் எடையில் 80 விழுக்காடு முன்னால் தள்ளினாலும் தாங்குகிற மாதிரி கட்ட வேண்டும், பக்கவாட்டில் 50 விழுக்காடு. பிரேக்கை அழுத்தி மிதித்தால் 300 கிலோ வெங்காய மூட்டை 240 கிலோ விசையோடு உங்கள் முதுகைத் தேடி வரும் என்று அர்த்தம். பெல்ட்டை மேலே போட்டு அழுத்திக் கட்டும்போது செங்குத்தாக இறங்கினால்தான் முழு அழுத்தம். படுத்தவாக்கில் 30 டிகிரியில் இழுத்தால் பாதிதான் கிடைக்கும். மூட்டைகள் ஆடி ஆடிச் சற்று அமுங்கும், பெல்ட்டும் தளரும். கிடங்கிலிருந்து கிளம்பிப் பினாங்குப் பாலத்தின் 13.5 கிலோமீட்டரையும் தாண்டியதும், முதல் கடையில் நிறுத்தும்போது பெல்ட்டை இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள். கேஸ் தோங்கை எப்போதும் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், படுக்க வைக்கவே கூடாது.

பலகை போட்டு டிராலி இறக்குகிறவராக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பாரம் இறங்க இறங்க ஸ்பிரிங் நிமிர்ந்து வேனின் பின்பக்கம் உயரும். முதலில் சரியாக உட்கார்ந்திருந்த பலகை பாதி வேலையில் விளிம்புக்கு வந்திருக்கும். கொக்கி வைத்த பலகைதான் வேண்டும், அதையும் நடுநடுவே பார்த்துக்கொள்ளுங்கள்.

வணிக வண்டியின் பக்கத்தில் BTM, BDM என்று இரண்டு எடைகள் எழுதியிருக்கும். BTM என்பது சாமான் இல்லாத எடை, BDM என்பது சாமானோடு இருக்கலாம் என்ற எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றலாம். இன்னும் பத்து மூட்டை போடு என்று தவுக்கே (முதலாளி) சொன்னால் அந்த எண்ணைக் காட்டுங்கள். கட்டையும் பெல்ட்டும் கேட்கத் தயங்க வேண்டாம். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. வாங்கித் தருவது முதலாளியின் பொறுப்பு.

வண்டி உருள ஆரம்பித்துவிட்டால் கையை வைக்காதீர்கள், ஓடிப்போய் உள்ளே ஏறவும் பார்க்காதீர்கள். "விலகு, விலகு" என்று கத்துங்கள், நீங்களும் பக்கவாட்டில் விலகுங்கள். இதைக் கெலிண்டானிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் கை தானாகத்தான் நீளும், முன்கூட்டியே சொல்லியிருந்தால்தான் நிற்கும்.

என் இரண்டு கட்டையையும் ஒரு சிவப்புக் கயிற்றால் கோத்து வைத்திருக்கிறேன். டயருக்கு வைத்ததும் கயிற்றின் நுனியை டிரைவர் கதவுப் பிடியில் மாட்டிவிடுவேன். கிளம்பும்போது கதவைத் திறக்கப் போனால் கயிறு கையில் படும், கட்டையை மறந்து வண்டியை எடுக்க முடியாது. எடுக்கும்போது ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு, கெலிண்டானிடம் கட்டைகளை எடுக்கச் சொல்வேன். அவர் இரண்டையும் தூக்கிக் காட்டிய பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை இறக்குவேன்.